முடிச்சிலிருந்து புள்ளி வரை: புதையல் தேடும் விளையாட்டும் குமரி மண்ணின் அளவை வரலாறும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டுப்புறத்தில் பாதி புதைத்து வைத்தார். அதனுள் சில புத்தகங்கள், ஒளிநாடாக்கள், ஒரு கவண், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் ஆகியன இருந்தன. வாளி இருக்கும் இடத்தை அவர் ஊர்ப்பெயர் கொண்டோ மரம், பாறை போன்ற அடையாளம் கொண்டோ சொல்லவில்லை. அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று என இரண்டு எண்களை மட்டும் இணையத்தில் எழுதினார். மூன்று நாள்களுக்குள் இருவர் அந்த எண்களைப் பின்பற்றிச் சென்று வாளியைக் கண்டுபிடித்துவிட்டனர். அம்மாத இறுதிக்குள் இவ்விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்ற பெயரும் அமைந்தது. இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைத்து வைக்கப்பட்டுத் தேடப்படுகின்றன.

விளையாட்டுக்கு வயது கால் நூற்றாண்டு. ஓர் ஊரை இரண்டு எண்களால் குறிக்கும் கணக்குக்கோ வயது ஆயிரத்துக்கும் மேல். அக்கணக்கை வளர்த்தவர்களுள் நம் முன்னோர் முன்வரிசையில் நின்றனர். அது கடந்து வந்த பாதையின் முக்கியமான ஒரு புள்ளி குமரிமுனைக்கு அருகே இருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறைகளில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று நம் குடும்பங்கள் யோசிக்கும் வேளையில், இந்த வரலாற்றைச் சற்றே விரித்துப் பார்ப்பது பயன் தரும். ஓர் இடத்தைத் துல்லியமாக அறியும் ஆற்றல் காலந்தோறும் யாரிடம் இருந்தது, அவர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினர் என்ற கேள்வியும் இவ்வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது.

கிப்லாவும் ஊர்களின் எண்களும்

தொழுகைக்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் தாம் நிற்கும் இடமும் கஅபா இருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றின் திசையைக் கணக்கிட்டுவிடலாம். இத்தேவை முஸ்லிம் அறிஞர்களைப் புவியளவையின் பக்கம் திருப்பிய காரணங்களுள் முதன்மையானது.

அப்பாஸிய கலீஃபா மஃமூனின் காலத்தில், கி.பி. 830-ஐ ஒட்டி, சின்ஜார் சமவெளியில் அறிஞர் குழுவொன்று ஒரு பாகை அட்சரேகையின் நீளத்தைத் தரையிலேயே அளந்து பார்த்தது. அதே காலத்தவரான குவாரிஸ்மி 833-இல் முடித்த புவியியல் நூலில் 2,402 இடங்களின் எண்களைப் பட்டியலிட்டார். ஊர்கள், மலைகள், கடல்கள், ஆறுகள் யாவும் அதில் எண்களாக நிற்கின்றன.

அவருக்கு இரு நூற்றாண்டுகள் பின்னால் வந்த அல்பிரூனி, கஸ்னாவின் கிப்லாவைத் திருத்தமாகக் கணிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் ஊர்களின் இடங்களை வரையறுக்கும் முறை பற்றித் தனி நூலே எழுதினார். அது 1025-இல் நிறைவுற்றது. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனாக் கோட்டைக் குன்றின் மேலிருந்து அவர் செய்த சோதனை புகழ்பெற்றது. குன்றின் உயரத்தை முதலில் அளந்தார். பின்னர் உச்சியில் நின்று அடிவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதை அளந்தார். அந்த இரண்டு அளவுகளைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். நீண்ட பாலைவன நடையோ பெரும் ஆள்படையோ அதற்குத் தேவைப்படவில்லை.

நாகர்கோவிலுக்கு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் கஅபா ஏறத்தாழ 4,290 கிலோமீட்டர் தொலைவில், நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை சாய்ந்த திசையில் இருக்கிறது. மேற்கு நோக்கித் தொழுகிறோம் என்று பேச்சு வழக்கில் சொல்வது இத்திசையைத்தான். இங்கிருந்து பார்த்தால் மேற்கே அரபிக்கடல். அதன் மறுகரையில் கஅபாவின் மண். அந்தக் கடலில் ஓடிய மாலுமிகளிடமும் ஒரு கணக்கு இருந்தது.

இராப்பலகையின் முடிச்சுகள்

நூலகத்தில் அமர்ந்த அறிஞருக்கு அட்டவணைகள் இருந்தன. அலைமேல் ஆடும் மரக்கலத்தில் நின்ற மாலுமிக்கு ஒரு சிறு பலகையும் ஒரு நூலுமே போதுமானவையாக இருந்தன. அரபு மாலுமிகள் இதனைக் கமால் என்றனர். சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளிடம் இது இராப்பலகை என வழங்கியது.

பலகையின் நடுவே கோத்த நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு, பலகையை முன்னே நீட்டிப் பிடிப்பார்கள். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொட, மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். அப்போது பலகைக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள நூலின் நீளம் நட்சத்திரத்தின் உயரத்தைச் சொல்லிவிடும். துருவ நட்சத்திரத்தின் உயரமே ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை. அக்காலத்தில் அந்த நட்சத்திரம் வடதுருவத்திலிருந்து இன்றையதைவிடச் சற்று அதிகமாக விலகி நின்றதால், அதற்குரிய திருத்தங்களையும் மாலுமிகள் மனப்பாடமாக வைத்திருந்தனர். 15-ஆம் நூற்றாண்டின் மாபெரும் மாலுமியான இப்னு மாஜித் இக்கலையை விரிவாக நூல்களில் எழுதி வைத்தார்.

நூலில் மாலுமிகள் முடிச்சுகள் இட்டிருந்தனர். கரையோரத் துறைமுகம் ஒவ்வொன்றின் அட்சரேகைக்கும் ஒரு முடிச்சு. ஊர் திரும்பும் மாலுமி தன் துறைமுகத்தின் முடிச்சைப் பல்லில் வைத்துக் கடித்து, நட்சத்திரம் பலகையின் மேல்விளிம்பில் வந்து அமரும் வரை வடக்கிலோ தெற்கிலோ கலத்தைச் செலுத்துவார். பின்னர் அதே உயரத்தைக் காத்தபடி கிழக்கிலோ மேற்கிலோ ஓடினால் துறை வந்து சேரும். இன்று கைப்பேசியில் ஓர் இடத்தைச் சேமித்து வைத்து அம்புக்குறியைப் பின்பற்றிச் செல்லும் சிறுவன் செய்வதும் இதையே. அவனுடைய புள்ளி அன்று ஒரு நூல் முடிச்சாக இருந்தது.

குமரிமுனையின் அட்சரேகை 8 பாகைக்குச் சற்று மேல். ஆகவே இங்கே துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்தை ஒட்டியே மிகத் தாழ்வாக நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நம் ஊர்த் துருவ நட்சத்திரம் அந்த ஒரு முட்டிக்குள் அடங்கிவிடும். இன்னும் தெற்கே, இலங்கையைத் தாண்டிச் சென்றால் அது கடலுக்குள் அமிழ்ந்து போகத் தொடங்கும்.

புன்னையும் பெருவில்லும்

அறிஞர் கிப்லாவுக்காகக் கணக்கிட்டார். மாலுமி வீடு திரும்புவதற்காகக் கணக்கிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கணக்கு வேறொருவர் கைக்கு மாறியது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட கம்பெனிப் படையில் வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி இருந்தார். ஓர் இரவில் படைப்பிரிவு ஒன்று வழிதவறித் திப்பு சுல்தானின் அணிகளை நோக்கியே நடந்துகொண்டிருந்தபோது, விண்மீன்களைப் பார்த்துத் திசை தவறியதை உணர்த்தியவர் அவரே. திப்பு சுல்தான் ஷஹீதான அதே ஆண்டில், வென்ற நிலங்கள் அனைத்தையும் வானியல் துணைகொண்டு அளக்க வேண்டும் என்ற திட்டத்தை லாம்டன் முன்வைத்தார்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வேலை தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்க 57 நாள்கள் ஆயின. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அவ்வாறு கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் மற்றொன்று என நாடு முழுவதும் வலை விரிந்தது. கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை கொண்டது. மலையுச்சி இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்கள் மேல் அதனை ஏற்றினர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அது மோதிச் சேதமடைய, லாம்டன் வாரக்கணக்கில் அறைக்குள் அடைந்திருந்து தம் கையாலேயே அதைச் சீர்செய்தார்.

முக்கோணங்களின் வரிசை தெற்கே இறங்கிக் குமரிமுனையை நெருங்கியது. முனைக்கு அருகே புன்னை என்று அளவை நூல்கள் குறிக்கும் நிலையத்தில் அது முடிந்தது. புன்னையின் அட்சரேகை 8 பாகை 9 கலை 31 விநாடி. கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அங்கிருந்து வடக்கே நீண்டு, லாம்டனுக்குப் பின் எவரெஸ்டின் மேற்பார்வையில் 1841-இல் இமய மலையடிவாரத்தில் நிறைவுற்ற ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளக் கோட்டையே பெருவில் என்று வரலாறு அழைக்கிறது. பூமியின் வடிவத்தைத் திருத்தமாக அறிய உலகம் பயன்படுத்திய அளவுகளுள் அதுவும் ஒன்று. அதன் தென்முனைப் புள்ளி நம் வீட்டு வாசலுக்கு அருகே இருந்தது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவார்கள்?

இந்த அளவையின் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை அரண் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி அதோடு ஒடுங்கியது. லாம்டனின் அளவை தென்முனையை எட்டியதும் அதே காலகட்டத்தில்தான். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து, மலை, ஆறு, ஊர், மக்கள், விளைச்சல் யாவற்றையும் குறித்து அறிக்கை எழுதினர். வரலாற்று ஆர்வலர்களுக்கு அது இன்றும் பொன்னான ஆவணம். எழுதப்பட்ட காலத்தில் அது ஆள்வோருக்கான கைநூல். எந்தக் கணவாய் வழியே படை போகலாம், எந்த வயல் எவ்வளவு வரி தரும் என்பனவும் அந்த எண்களுக்குள் இருந்தன. கொடி பிடித்து மலையேறியவர்களும், கருவி சுமந்த கலாசிகளும், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களும் பெரும்பாலும் பெயரின்றியே போயினர்.

ஆர்க்காட்டுக் கருவியாளர்

பெயர் நிலைத்தவர்களுள் ஒருவரை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் முஹ்சின் ஹுசைன் சென்னையில் நகை, கடிகாரம் போன்ற நுண்பொருள்களில் கைதேர்ந்தவராக இருந்தார். அளவைத் துறையின் தலைவராக இருந்த பிளாக்கர் அவருடைய கைத்திறனைக் கண்டு பணியில் சேர்த்துக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். தூசியாலும் ஈரத்தாலும் கெட்டுப்போகும் நுண்கருவிகளைத் திறந்து சீர்செய்வதில் அவர் வல்லவராயிருந்தார்.

எவரெஸ்ட் பிறரை எளிதில் பாராட்டாதவர் எனப் பெயர் பெற்றவர். அவரும் முஹ்சினைப் பெரிதும் மதித்தார். பாரோ என்ற ஆங்கிலக் கருவியாளருக்குப் பின் அளவைத் துறையின் கருவிப் பொறுப்பு முஹ்சினிடமே வந்தது. ஆங்கிலம் படித்தறியாத ஒரு தமிழகத்து முஸ்லிம், அக்காலத்தின் மிகத் துல்லியமான கருவிகளின் காவலராக நின்றார் என்பது நம் சமுதாய வரலாற்றில் எழுதி வைக்கத்தக்க செய்தி. அறிவு எந்த மொழியில் வந்தாலும் கையும் கண்ணும் அதை உள்வாங்கிக்கொள்ள இயலும் என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று.

வானத்துக்குப் போன முக்கோணம்

மலையுச்சியில் கொடி நட்டுக் கோணம் அளந்த முறை 20-ஆம் நூற்றாண்டில் வானுக்கு ஏறியது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் நேரத்தைத் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் குறிப்பலை நம் கைக்கருவியை எட்ட எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தொலைவு கிடைத்தால் நம் இடம் தெரிந்துவிடும். இதுவே ஜி.பி.எஸ்.

இதுவும் முதலில் படைக்காகவே பிறந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. 100 மீட்டர் வரை இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே 2 அன்று அமெரிக்க அதிபர் கிளின்டனின் ஆணைப்படி அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே உல்மர் தம் வாளியை வைத்தார். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட தேதி தற்செயலானதன்று.

இந்தியாவும் தனக்கென நாவிக் என்ற இடங்காட்டி அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் ஏவப்பட்டது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இயங்கும் விகாஸ் எந்திரம் சோதிக்கப்படும் இடம் மகேந்திரகிரி. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் தெரியும் அதே மலைத்தொடர்தான். புன்னையில் தொட்ட முக்கோண அளவையும், மகேந்திரகிரியில் சோதித்த எந்திரமும் ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவுக்குள் இருக்கின்றன.

விளையாட்டின் இலக்கணம்

ஜியோகேச்சிங்கின் விதிகள் எளியவை. ஒருவர் நீர்புகாத பெட்டி ஒன்றில் குறிப்பேட்டை வைத்து மறைத்து, எண்களை வெளியிடுவார். தேடி வருபவர் பெட்டியைக் கண்டதும் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார். உள்ளேயுள்ள சிறுபொருளை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. முதல் வாளி புதைக்கப்பட்டதே தவிர, பின்னாளில் வந்த விதிகள் அதைத் தடுத்துவிட்டன. நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். பெட்டியே இல்லாத வகையும் உண்டு. அதில் குறித்த இடத்துக்குச் சென்று, அங்குள்ள பாறையையோ கல்வெட்டையோ கவனித்தால்தான் பதில் கிடைக்கும் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்.

எண்கள் பெரும்பாலும் பாகையாகவும், மூன்று தசம இடங்கள் கொண்ட கலையாகவும் எழுதப்படுகின்றன. அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஆகவே கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஓர் எண் தவறினால் எவ்வளவு தொலைவு தவறும் என்பதைச் சிறுவர்கள் நடந்தே கற்றுக்கொள்கிறார்கள். திறந்த வெளியில் கைப்பேசி சில மீட்டர் வரை சரியாகக் காட்டும். அடர்ந்த மரங்களுக்கும் பெரும்பாறைகளுக்கும் இடையே அது தடுமாறும். அங்கிருந்து கண்ணும் அறிவுமே வழிகாட்ட வேண்டும்.

இவ்விளையாட்டினர் செல்லும் வழியிலுள்ள குப்பையைப் பொறுக்கி வருவதையும் வழக்கமாக்கியுள்ளனர். அதற்கெனக் கூட்டு முயற்சிகளும் நடைபெறுகின்றன. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு பகுதியாகக் கற்பித்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. செயலில் நாம் எவ்வளவு பின்பற்றுகிறோம் என்பதைச் சங்குத்துறைக் கடற்கரைக்கும் முட்டம் கடற்கரைக்கும் ஒரு விடுமுறை மாலையில் சென்று பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

பெட்டியை எங்கே வைப்பது?

ஒரு கடினமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒருவர் சாலையோரத்தில் சிறு பெட்டியைக் குனிந்து வைப்பதைக் கண்டவர்கள் அஞ்சிக் காவல்துறைக்குச் சொல்ல, வெடிகுண்டு வல்லுநர்கள் வந்து அதனைத் தகர்த்தனர். பெட்டி வெறும் விளையாட்டுப் பெட்டி. நம் நாட்டின் இன்றைய சூழலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி எவர் வைத்ததாயினும் அச்சத்தை எழுப்பும். அதை வைத்த இளைஞன் நம் சமுதாயத்தவனாயிருந்தால், விளக்கம் கேட்கப்படும் முன்பே வதந்தி பரவிவிடும் என்ற கவலை பெற்றோர் பலருக்கு உண்டு. அக்கவலையில் உண்மை இருக்கிறது. அதை மூடி மறைப்பதில் பயனில்லை.

அதற்காகப் பிள்ளைகளை நான்கு சுவர்களுக்குள் வைத்திருப்பதும் தகாது. பூமியில் பயணம் செய்து படைப்பையும் முன்சென்ற சமூகங்களின் முடிவையும் சிந்திக்குமாறு திருமறை திரும்பத் திரும்ப அழைக்கிறது. வழி இருக்கிறது. பொது இடங்களில் பெட்டியே வேண்டாம். கேள்வி மட்டும் போதும். பெட்டி வைத்தே ஆக வேண்டுமெனில் சொந்தத் தோப்பிலோ, உறவினர் நிலத்திலோ, நிர்வாகத்தின் இசைவு பெற்ற பள்ளி வளாகத்திலோ, உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடிப் பெட்டியில் பெயரெழுதி வைக்கலாம்.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்கும் ஒரு சொல். செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கைக்கருவிகளையும் உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். சாதாரணக் கைப்பேசியின் இடங்காட்டி இவ்விளையாட்டுக்குப் போதுமானது. காப்புக் காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையலாகாது. பிறர் வழிபடும் இடங்களிலும், அடக்கத்தலங்களிலும் விளையாட்டின் ஆரவாரம் கூடாது. தக்கலையில் பீர் முஹம்மது அப்பா துயிலும் இடத்துக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கே அமைதியாக நின்று, ஞானப்புகழ்ச்சி பாடிய அப்பெரியாரைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்டறிந்து வந்தால் அதுவே நிறைவு.

நம் மாவட்டத்தில் பெட்டியில்லா ஆட்டம்

1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த இச்சிறு மாவட்டத்தில் கடல், வயல், குளம், மலை யாவும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும். ஒரு குடும்பம் எண்களைக் குறித்துக் கேள்வி எழுத, மற்றொரு குடும்பம் தேடிச் செல்லும் வகையில் இதை ஆடலாம். சில எடுத்துக்காட்டுகள்:

உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் இறந்து இங்கே அடங்கியுள்ளார். அவருடைய கல்லறைக் கல்வெட்டு எந்தெந்த மொழிகளில் உள்ளது என்று பிள்ளைகள் பார்த்து எழுதலாம்.

வட்டக்கோட்டை. பெயருக்கும் கோட்டையின் வடிவத்துக்கும் பொருத்தம் உண்டா? மதில்மேல் நடந்து பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டப்பட்ட, 115 அடி உயரம் கொண்ட இந்த நீர்ப்பாலத்தை எத்தனை தூண்கள் தாங்குகின்றன என்று எண்ணலாம். மலைக்கு மலை நீரைக் கடத்த ஏன் இவ்வளவு உயரம் தேவைப்பட்டது என்பது மூத்த பிள்ளைகளுக்கான கேள்வி.

சுசீந்திரம், தேரூர் குளங்கள். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. கரையில் அமைதியாக நின்று ஒரு மணி நேரத்தில் எத்தனை வகைப் பறவைகளைக் காண முடிகிறது?

தேங்காய்ப்பட்டணம். இவ்வட்டாரத்தின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்றென ஊர் மக்கள் போற்றும் பள்ளிவாசல் இங்குள்ளது. அதன் கட்டுமானத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு மூன்று செய்திகளை எழுதி வர வேண்டும்.

இவற்றோடு, வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் மே 27, 28 நாள்களில் இந்திய நேரம் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 15, 16 நாள்களில் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நிமிடத்தில் மேகம் மறைக்காவிட்டால், செங்குத்தாக நட்ட கோலின் நிழலுக்கு எதிர்த்திசையே கிப்லா. பிள்ளைகள் தரையில் அக்கோட்டை வரைந்து, நேர் மேற்கிலிருந்து அது எத்தனை பாகை விலகியுள்ளது என்று அளக்கட்டும். 24-க்கு அருகே வந்தால் கணக்கு சரி. பள்ளிவாசல்களின் திசையைப் பற்றிச் சர்ச்சை கிளப்புவதற்கு இதைப் பயன்படுத்தலாகாது. அத்திசையைப் பொதுவாக முன்னோக்கினாலே தொழுகைக்குப் போதும் என்பது அறிஞர்கள் பலரின் தீர்ப்பு.

படைக்கும் வரிக்கும் ஆட்சிக்கும் பயன்பட்ட கணக்கு, நம் தலைமுறையில் ஒரு சிறுமியின் கைக்குள்ளும் வந்துவிட்டது. ஓர் இடத்தின் எண்ணை அறிந்தவர் அவ்விடத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பெருவில் வரைந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடங்களுள் இது முதன்மையானது. அறிந்த இடம் ஓர் அமானிதம். கண்டதைக் கண்டபடியே வைத்துவிட்டு, கிடக்கும் குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கு இடத்தைத் தூய்மையாக விட்டுத் திரும்புவது அதன் உரிமையை நிறைவேற்றுவதாகும். வருகிற விடுமுறையில் தாய்மாரும் பெண்மக்களும் முதியோரும் சேர்ந்து ஒரு புள்ளியையாவது தேடிப் புறப்படுவோம். வல்ல இறைவன் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும் பயனுள்ளவையாகவும் ஆக்கியருள்வானாக.